திரையில் ஓர் இழை பிசகினால்

தறியில் ஏறிய சேலை வளருமே தவிரக் குறையாது. நெசவாளர் ஊடையை எறிகிறார், அச்சை இழுத்து அடிக்கிறார், நாலு விரற்கடை சேர்ந்ததும் நெய்ததைப் படமரத்தில் சுருட்டிக்கொள்கிறார். காலையில் படமரம் எவ்வளவு பருமனாக இருந்ததோ, மாலையில் அதைவிடக் கூடத்தான் இருக்கும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுத் தறியை எட்டிப் பார்க்கிற நெசவாளிக்கு அங்கே யாரிடமும் எதுவும் கேட்கத் தேவையில்லை. உடல் ஓடுகிறதா, முந்தி தொடங்கியாயிற்றா, ஆள் இன்று வேலை செய்தாரா இல்லையா என்பதெல்லாம் அந்தச் சுருட்டலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சினிமாவில் சேலை குறையலாம். மூன்றாவது காட்சியில் முக்கால்வாசி நெய்து முடிந்திருந்த சேலை, ஏழாவது காட்சியில் பாதிக்குத் திரும்பிப் போகலாம். யாரும் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று அர்த்தமில்லை. படம் எடுக்கிற முறை அப்படி. கதையில் முன்னால் வருவதை முன்னால் எடுப்பதில்லை. ஒரு வீட்டுக்குள் நடக்கிற காட்சிகளையெல்லாம், அவை கதையில் பத்து வருட இடைவெளியில் வந்தாலும், அந்த வீட்டு செட் நிற்கிற நாட்களிலேயே எடுத்து முடித்துவிடுகிறார்கள். ஒரே காட்சியையும் துண்டு துண்டாக எடுக்கிறார்கள். முதலில் முழு அறையும் தெரிகிற ஷாட், பிறகு ஒருவர் முகம், விளக்கை மாற்றி வைத்து மற்றவர் முகம். திரையில் இரண்டு நிமிடம் ஓடுகிற பேச்சை எடுக்க ஒரு நாள் போய்விடும். அதற்குள் தம்ளரில் பால் குறைந்து, பூ வாடி, சட்டைக் கை மடிப்பு அவிழ்ந்து, ஜன்னல் வெயில் நகர்ந்திருக்கும். இவை எதுவும் பிசகாமல் பார்த்துக்கொள்கிற வேலைக்குத் தமிழ்ப் படப்பிடிப்புத் தளத்தில் கண்டினியூட்டி என்று பெயர். பெரும்பாலும் ஓர் உதவி இயக்குநரின் தலையில்தான் அது விழும். முன்பு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார்கள். இப்போது செல்போனில் படம் பிடித்து வைக்கிறார்கள். எந்தக் கையில் வளையல், எத்தனை. பொட்டு எவ்வளவு பெரிது. கதவு திறந்திருந்ததா, சாத்தியிருந்ததா.

காஞ்சிபுரத்தையும் தறியையும் நடுவில் வைத்து எடுத்த படம் என்றால் பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்'. 2008இல் டொராண்டோ விழாவில் திரையிடப்பட்டது. 2007ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வானது. பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் விருதும் வாங்கித் தந்தது. 1948இல் மழையில் போகிற ஒரு பேருந்தில் போலீஸ் காவலோடு உட்கார்ந்திருக்கும் கைதியின் நினைவாகக் கதை விரிகிறது. மகளுக்குப் பட்டுச் சேலை கட்டிக் கல்யாணம் செய்துவைப்பேன் என்று வாக்குக் கொடுத்த நெசவாளி வேங்கடம், முதலாளி வீட்டுத் தறியிலிருந்து பட்டு இழையை வாயில் ஒளித்துக் கொண்டுவந்து, யாருக்கும் தெரியாமல் வீட்டில் ஒரு சேலை நெய்கிறான். மகள் வளர வளரச் சேலையும் வளர வேண்டும். ஒன்றோடொன்று பிசகாமல் ஓட வேண்டிய இரண்டு கடிகாரங்களை ஒரு கதைக்குள் வைப்பது தைரியமான காரியம். இந்தப் படத்தைக் கண்டினியூட்டிக் கண்ணோடு பார்க்கிறவர்கள் பிரகாஷ்ராஜின் முகத்தைக் கொஞ்சம் மறந்துவிட்டு, அந்த வீட்டுத் தறியை மட்டும் தொடர்ந்து பாருங்கள் என்று சொல்வேன். அது மிகவும் கடினம். ஏன் கடினம் என்பதில்தான் விஞ்ஞானம் இருக்கிறது.

அதற்கு முன், தறி தெரிந்தவர் ஒரு நெசவுக் காட்சியில் வேறு எதையெல்லாம் பார்ப்பார் என்று சொல்லிவிடுகிறேன். காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டும் சேருமிடத்தில் ஊடை இழைகள் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு நிற்கும். இதற்கு மூன்று நாடா வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு பக்கக் கரைகளுக்கும் ஒவ்வொன்று. நெசவாளர் ஒருவரே மூன்றையும் ஓட்ட முடியாது என்பதால், ஒரு பக்கத்தில் துணை ஆள் உட்கார்ந்து நாடாவை வாங்கித் திருப்பிக் கொடுப்பார். ஆகவே திரையில் ஒருவர் தனியாக உட்கார்ந்து ஒரே நாடாவை ஓட்ட, அடுத்த ஷாட்டில் கோர்வைக் கரை வைத்த சேலை படமரத்தில் சுருண்டிருந்தால், இந்த ஊரில் பார்க்கிறவர்கள் இருக்கையில் நெளிவார்கள். முந்தியிலும் ஒரு சாட்சி உண்டு. முந்திக்கு வேறு நிறம் வேண்டுமென்றால், உடலின் பாவு இழைகளோடு புது நிறப் பாவு இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள், பேட்னி என்பார்கள். பழைய இழையும் புது இழையும் சேர்ந்து ஓடுகிற அந்தச் சிறு இடைவெளி, விரலால் தடவினால் தட்டுப்படுகிற ஒரு தடித்த கோடாக நிற்கும். இன்றைய கேமராக்கள் அந்தக் கோட்டைக் காட்டிவிடுகின்றன. கதாநாயகி ஒரே கல்யாணக் காட்சியில் ஒரு ஷாட்டில் பேட்னிச் சேலையோடும் இன்னொரு ஷாட்டில் அதே நிறத்தில் கோடில்லாத சேலையோடும் வந்தால், இரண்டு சேலை வாங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்துபோகும்.

ஒலியும் காட்டிக்கொடுக்கும். கையால் எறிகிற நாடாவின் ஓசை வேறு. கயிற்றை இழுத்துப் பறக்கவிடுகிற நாடாவின் தட்டல் வேறு. விசைத்தறியின் இடைவிடாத இரைச்சல் முற்றிலும் வேறு. படத்தில் ஓசை பிற்பாடு ஸ்டுடியோவில் சேர்க்கப்படுவதால், படம் ஒரு தறியையும் காது இன்னொரு தறியையும் சொல்ல வாய்ப்பு நிறைய.

இத்தனையும் கண் முன்னால் நடக்க, மற்றவர்களுக்கு ஏன் ஒன்றுமே தெரிவதில்லை?

கையை நேரே நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். கண்ணின் விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கிற பகுதி, உலகத்தில் ஏறத்தாழ அந்த நகத்தின் அளவையே தெளிவாகப் பிடிக்கிறது. மீதியெல்லாம் மங்கல். இந்தச் சிறு தெளிவை வைத்துக்கொண்டு கண் விநாடிக்கு சுமார் மூன்று தடவை இடம் தாவுகிறது. தாவுகிற அந்தக் கணத்தில் மூளை பார்வையை ஏறக்குறைய அணைத்துவைக்கிறது. அணைத்ததுகூட நமக்குத் தெரிவதில்லை. முழுக் காட்சியும் எப்போதும் விரிந்து கிடப்பதாகவே உணர்கிறோம். உண்மையில் மூளை ஒவ்வொரு பொருளையும் படம் பிடித்துச் சேமிப்பதில்லை. தேவைப்பட்டால் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம், அது அங்கேயேதான் இருக்கும் என்ற நம்பிக்கையில் ஓடுகிறது. வீட்டிலும் தெருவிலும் அந்த நம்பிக்கை பொய்ப்பதில்லை. நாம் கண்ணை எடுத்த நேரத்தில் மேசையின் மேலிருக்கும் தட்டு நிறம் மாறிவிடுவதில்லை. சினிமாவில் மாறும்.

டேனியல் லெவின், டேனியல் சைமன்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதையே சோதனையாக்கினார்கள். 1997இல் வெளிவந்த ஆய்வு அது. இரண்டு பெண்கள் உட்கார்ந்து பேசுகிற ஒரு சின்னப் படத்தை அவர்களே எடுத்தார்கள். ஷாட் மாறுகிற ஒவ்வொரு வெட்டிலும் வேண்டுமென்றே ஏதாவது ஒன்றை மாற்றினார்கள். ஒரு ஷாட்டில் கழுத்தில் இருந்த ஸ்கார்ஃப் அடுத்ததில் இல்லை. மேசையில் சிவப்பாக இருந்த தட்டுகள் வெள்ளையாகிவிட்டன. மொத்தம் ஒன்பது மாற்றங்கள். படம் பார்த்த பத்துப் பேரில் ஒரே ஒருவர்தான் ஏதோ ஒன்றைக் கவனித்ததாகச் சொன்னார். மாற்றங்கள் இருக்கின்றன, தேடுங்கள் என்று சொல்லி மறுபடி போட்டுக் காட்டியபோதும் சராசரியாக இரண்டுக்கு மேல் பிடிபடவில்லை.

அடுத்த சோதனையில் ஆளையே மாற்றினார்கள். மேசையருகே உட்கார்ந்திருப்பவர் தொலைபேசி மணி கேட்டு எழுந்து போகிறார்; அடுத்த ஷாட்டில் தாழ்வாரத்தில் வந்து தொலைபேசியை எடுப்பவர் வேறு ஆள், வேறு உடை. பார்த்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் அதைச் சொல்லவில்லை. நம் தொலைக்காட்சித் தொடர்களில் நடிகர் மாறினால் 'இவருக்குப் பதில் இவர்' என்று அட்டை போடுகிறார்கள். அந்த மரியாதை இல்லாவிட்டால் வீட்டில் எல்லாருக்கும் தூக்கிவாரிப் போட்டிருக்கும். அங்கே மாறுவது வருடக்கணக்காகத் தினமும் வீட்டுக்கு வந்து போன முகம். சோதனையில் வந்தவர் யாரோ எவரோ.

அந்த 'யாரோ எவரோ' எவ்வளவு பெரிய விஷயம் என்பதை சைமன்ஸும் லெவினும் 1998இல் காட்டினார்கள். பல்கலைக்கழக வளாகத்தில் ஒருவர் வழி கேட்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேர் ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு நடுவில் புகுந்து போகிறார்கள். அந்த மறைவில் வழி கேட்டவர் நகர்ந்துபோய், வேறொருவர் அவர் இடத்தில் நின்று பேச்சைத் தொடர்கிறார். ஏறத்தாழப் பாதிப் பேர் ஆள் மாறியதே தெரியாமல் வழி சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கண்டுபிடித்தவர்கள், வழி கேட்டவர்களின் வயதையொத்த இளைஞர்கள். பிறகு அதே ஆய்வாளர்கள் கட்டட வேலைக்காரர் உடை போட்டுக்கொண்டு போனபோது, அந்த வயதுக்காரர்களிலும் பெரும்பாலானவர்கள் கவனிக்கவில்லை. ஒரு மனிதரை 'வேலைக்காரர்' என்று மனதுக்குள் வகைப்படுத்திவிட்டால் அவர் முகத்தை நாம் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம் என்பது எனக்கு இந்த ஆய்வுகளிலேயே மிகவும் கனமான செய்தி. சினிமாப் பிழையைப் பற்றிப் படிக்கப் போன இடத்தில் அது கிடைக்கிறது.

படத்தொகுப்பாளர்கள் இதை ஆய்வகத்துக்கு முன்பே அறிந்தவர்கள். ஒருவர் எழுந்திருக்கத் தொடங்குகிற அசைவில் வெட்டி, அதே அசைவின் தொடர்ச்சியில் அடுத்த ஷாட்டை ஒட்டினால் வெட்டு தெரியாது. டிம் ஸ்மித், ஜான் ஹெண்டர்சன் இருவரும் 2008இல் இதை அளந்தார்கள். வெட்டு வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்துங்கள் என்று சொல்லிப் படத்தைப் போட்டார்கள். அதை மட்டுமே வேலையாகப் பார்த்தவர்களுக்கும், அசைவின் நடுவே விழுந்த வெட்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தப்பிப்போயின. 'அபோகலிப்ஸ் நவ்' படத்தின் தொகுப்பில் முக்கியப் பங்கு வகித்த வால்டர் மர்ச், ஒரு வெட்டை முடிவு செய்யும்போது எதற்கு எவ்வளவு எடை தர வேண்டும் என்று ஒரு கணக்கே போட்டு வைத்திருக்கிறார். உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23. பொருளும் ஆளும் இருக்கிற இடத்தின் தொடர்ச்சிக்கு வெறும் 4. நடிகர் மனதைத் தொட்ட டேக்கில் தம்ளர் இடது கையில் இருந்தால், இடது கையிலேயே இருக்கட்டும் என்பதுதான் நல்ல தொகுப்பாளரின் முடிவு. பிழை திரைக்கு வந்து சேர்வதற்குப் பாதிக் காரணம் இந்தத் தேர்வு. அதை நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

அப்படியானால் பிழை கண்டுபிடிக்கிறவர்களுக்கு மட்டும் எப்படிக் கிடைக்கிறது?

ரஷ்ய விஞ்ஞானி ஆல்பிரட் யார்பஸ், 1960களில் வெளிவந்த தம் நூலில் ஒரு சோதனையைப் பதிவு செய்திருக்கிறார். இல்யா ரெப்பின் வரைந்த ஓவியம் ஒன்று. நெடுநாள் காணாமல் போயிருந்த ஒருவர் எதிர்பாராமல் வீட்டுக்குள் நுழைகிறார். அதையே ஒருவருக்குப் பல தடவை காட்டி, ஒவ்வொரு தடவையும் வேறு கேள்வி கேட்டு, கண் போன தடத்தைப் பதிந்தார். இவர்கள் வயது என்ன என்று கேட்டால் கண் முகங்களை மட்டும் சுற்றியது. குடும்பத்தின் வசதி எப்படி என்றால் சாமான்களுக்கும் உடைகளுக்கும் போனது. ஓவியமும் கண்ணும் ஒன்றுதான். கேள்வி மாறியது, தடம் மாறியது. கதை பார்க்கிறவரின் கேள்வி 'அடுத்து என்ன' என்பது. அவர் கண் முகத்தையும் பேசுகிற வாயையும் விட்டு நகராது. பிழை தேடுபவர் வேறு கேள்வியோடு உட்காருகிறார்.

கேள்விக்கு அடுத்தது பழக்கம். 2000இல் வெர்னர், தீஸ் என்ற இருவர் அமெரிக்கக் கால்பந்தில் தேர்ந்தவர்களுக்கும் அந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கும் ஆட்டக் காட்சிகளைக் காட்டி, அவற்றில் மாற்றங்களைச் செய்து பார்த்தார்கள். தேர்ந்தவர்களுக்கு மாற்றம் விரைவில் பிடிபட்டது. காஞ்சிபுரத்தில் இதற்கு நாமத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. அடியில் பாதம் இல்லாத நாமம் வடகலை, பாதம் வைத்தது தென்கலை. வரதராஜப் பெருமாள் கோயிலில் இந்த இரு தரப்புக்கும் இடையே மூண்ட தகராறுகள் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றப் படியேறியவை. ஒரு படத்தில் பெரியவர் ஒருவருடைய நெற்றி நாமம் ஒரு காட்சியில் பாதத்தோடும் அடுத்ததில் பாதமில்லாமலும் இருந்தால், வேறு ஊர்த் திரையரங்கில் சத்தமே எழாது. சின்ன காஞ்சிபுரத்தில் படம் பார்க்கிறவர் அடுத்த வசனத்தைக் கேட்டிருக்க மாட்டார்.

பழக்கம் மட்டும் இருந்து கேள்வி இல்லாவிட்டாலும் தவறிவிடும். 2013இல் டிராஃப்டன் டிரூ குழுவினர் 24 கதிரியக்க மருத்துவர்களிடம் நுரையீரல் ஸ்கேன் படங்களைக் கொடுத்துக் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். அவற்றுக்குள் ஒரு கொரில்லாவின் உருவத்தைப் புகுத்தியிருந்தார்கள், சராசரிக் கட்டியைவிட 48 மடங்கு பெரிதாக. 20 மருத்துவர்கள் அதைப் பார்க்கவில்லை. கண் தடத்தைப் பதிந்த கருவி, அவர்களில் பலர் நேராக அதன் மேலேயே பார்வையை வைத்திருந்ததைக் காட்டியது. மருத்துவர்கள் மேல் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. வெள்ளைப் புள்ளியைத் தேடப் பழகிய கண் கறுப்பு உருவத்தைத் தாண்டிப் போனது.

ஆகவே பிழை தேடும் பொழுதுபோக்கில் இறங்குகிறவருக்குக் கூர்மையான கண் முக்கியமில்லை. எதைக் கேட்பது என்று தெரிந்திருந்தால் போதும். நம் படங்களுக்கென்றே சில கேள்விகள் உண்டு.

முந்தானை எந்தத் தோளில்? தமிழ்ப் பெண்கள் இடது தோளில் போடுகிறார்கள். எதிரெதிரே பேசுகிற இருவரின் பார்வைத் திசை பொருந்தாதபோது, தொகுப்பாளர் சில நேரம் ஷாட்டைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திருப்பிவிடுவார். அப்போது முந்தானை வலது தோளுக்குப் போகும். ஆண்களின் சட்டைப் பை இடதிலிருந்து வலதுக்கு மாறும். ஒரு நொடியில் வந்து போனாலும், தேடினால் கிடைக்கும்.

நிலா எப்படி இருக்கிறது? இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. வளர்பிறையின் மெல்லிய கீற்று சூரியன் மறைந்த பின் மேற்கில் கொஞ்ச நேரம் தெரிந்து மறைந்துவிடும். நடுநிசியில் உச்சி வானத்தில் அது இருக்க வழியே இல்லை. பங்குனி உத்திரத்துக்கு ஏகாம்பரநாதர் கோயிலில் திருக்கல்யாணம். உத்திர நட்சத்திரம் பங்குனியில் முழுநிலவை ஒட்டித்தான் வரும். அந்த இரவைக் காட்டுகிற காட்சியில் பிறை தொங்கினால், ஜோசியருக்கும் விஞ்ஞானிக்கும் ஒரே நேரத்தில் தப்பாகப் படும். வானத்துப் பிழையைத் திருத்திய இயக்குநரும் உண்டு. 'டைட்டானிக்' (1997) படத்தில் கப்பல் மூழ்கிய இரவின் நட்சத்திரங்கள் தவறு என்று வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன் விடாமல் சொல்லி வந்தார். 2012இல் முப்பரிமாணத்தில் மறுபடி வெளியிட்டபோது ஜேம்ஸ் கேமரூன் 1912 ஏப்ரல் இரவின் சரியான வானத்தை வைத்தார்.

காஞ்சியை வைத்துச் சரித்திரப் படம் எடுக்கிறவர்களுக்குக் கேள்விகள் இன்னும் நிறைய. போதிதர்மரைப் பல்லவ இளவரசராகக் காட்டிய 'ஏழாம் அறிவு' (2011) வந்தது முதல், பழங்காஞ்சி திரைக்கு நன்றாகவே பழகிவிட்டது. இன்று காஞ்சி என்றதும் மனதில் எழுவது ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம். அது கிருஷ்ணதேவராயர் 1509இல் எழுப்பியது. கல்லால் கட்டிய கைலாசநாதர் கோயில்கூட எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ அரசன் ராஜசிம்மன் காலத்தது. அதற்கும் முன்னால் ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்தபோது, செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இல்லாமல் ஆக்கியது என்று கல்வெட்டிலேயே பெருமையாகச் சொல்லிக்கொண்டான். அதுவரை கோயில் என்றால் அந்த நான்கும்தான். போதிதர்மர் காலத்துக் காஞ்சியைக் கட்டுகிற கலை இயக்குநர் செங்கல்லையும் மரத்தையும் சுதையையும்தான் நம்ப வேண்டும்.

சமையலறையில் மிளகாய் கூடாது, தக்காளி கூடாது. தோட்டத்தில் பப்பாளியும் கொய்யாவும் கூடாது. எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் காலத்துக்குப் பின் வந்தவை. போர்க்களக் காட்சிகளில் இன்னொன்றைப் பாருங்கள். குதிரைகளுக்குப் பின்னால், தொலைவில், சாம்பல் கலந்த பச்சையில் புதர் தெரியும். பெரும்பாலும் சீமைக் கருவேலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் அது இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தமிழ்நாட்டில் வறண்ட வெளியில் அது தெரியாமல் கேமரா வைக்க இடம் தேடுவது எந்த இயக்குநருக்கும் பெரும்பாடு.

சேலை நிறத்துக்கும் வயது உண்டு. செயற்கைச் சாயத்தை வில்லியம் பெர்க்கின் கண்டுபிடித்தது 1856இல். அதற்கு முந்தைய காலக் கதையில் கண்ணைப் பறிக்கிற ஊதாவும் ரோஜாவும் வந்தால் சந்தேகப்படலாம். எம்.எஸ். புளூ இன்னும் பிந்தியது. காஞ்சிபுரம் பட்டு வணிகர் முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக உருவாக்கி, அவர் பெயராலேயே நிலைத்த நிறம் அது. எம்.எஸ். பிறந்தது 1916இல். அந்த நீலத்தை உடுத்தி ஒரு ராணி தர்பாருக்கு வந்தால், 2019 மே மாதம் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் விருந்து மேசையில் மறந்து வைக்கப்பட்ட காகிதக் காபிக் கோப்பைக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. அந்தக் கோப்பையை ஓரிரு நாளில் கணினியில் அழித்துவிட்டார்கள். சேலையை யாரும் கவனிக்கப்போவதில்லை என்பதுதான் வித்தியாசம்.

காஞ்சியில் பிறந்த அண்ணாவின் 'ஓர் இரவு' (1951), லோகேஷ் கனகராஜின் 'கைதி' (2019) போல ஒரே இரவுக்குள் முடிகிற கதைகள் தனி ரகம். உடை மாற்ற நேரமில்லை, காயம் ஆற நேரமில்லை. முதல் காட்சியில் பட்ட ரத்தக் கறை கடைசிவரை அதே இடத்தில் இருக்க வேண்டும். பிழை தேடப் பழகுகிறவர்கள் இத்தகைய படங்களில் தொடங்கலாம். ஒரே ஒரு பொருளைத் தேர்ந்துகொண்டு அதை மட்டும் தொடருங்கள். கதையை இரண்டாம் தடவைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கண்ணைச் சரித்திர ஆராய்ச்சிக்குப் பயன்படுத்திய ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் கட்டியது. சிங்கத் தூண்கள் வரிசையாக நிற்கிற அதன் திருச்சுற்று மாளிகைச் சுவரில், மேலும் கீழுமாக இரண்டு வரிசையில் புடைப்புச் சிற்பங்கள் ஓடுகின்றன. பிரம்மாவில் தொடங்கி, புராண முன்னோர் வழியாகப் பல்லவ அரசர்கள் ஒவ்வொருவராக முடிசூடி, போர் செய்து, கடைசியில் வாரிசில்லாமல் போன அரியணைக்குப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் நந்திவர்மனைத் தேடிக் கொண்டுவந்து பட்டம் கட்டுவது வரை. சில பலகைகளின் கீழ் எழுத்து உண்டு, பெரும்பாலானவற்றில் இல்லை. முகங்கள் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு முடிசூட்டு விழாவிலிருந்து இன்னொன்றை எப்படிப் பிரிப்பது, கதை எந்தப் பக்கமாக ஓடுகிறது, எங்கே ஓர் அரசர் முடிந்து அடுத்தவர் தொடங்குகிறார்?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்ணான சி. மீனாட்சி இந்தச் சுவரைப் பலகை பலகையாகப் படித்தார். கிரீடம், குடை, சாமரம், இருக்கை, கூட நிற்பவர்கள் என்று ஒவ்வொன்றையும் பக்கத்துப் பலகையோடு ஒப்பிட்டார். காசாக்குடிச் செப்பேடு போன்றவை தரும் வம்ச வரிசையை அருகில் வைத்துச் சரிபார்த்தார். படப்பிடிப்புத் தளத்தில் உதவி இயக்குநர் செய்கிற அதே வேலை, பன்னிரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு, எடுத்தவர்கள் யாரும் இல்லாத நிலையில். 1940இல் அவர் இளம் வயதிலேயே காலமானார். நூல் மறு ஆண்டு இந்தியத் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது.

அந்தச் சிற்பங்கள் மணற்கல்லில் செதுக்கியவை. காற்றும் ஈரமும் பட்டுக் கல் பொரிந்து, பல பலகைகளில் உருவம் மழுங்கிக்கொண்டே வருகிறது. மீனாட்சியின் நூலில் படங்கள் இருக்கின்றன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு திருச்சுற்றில் நடந்து, அன்று இருந்த எந்தச் சாமரம் இன்று இல்லை, எந்தக் குடையின் விளிம்பு உதிர்ந்துவிட்டது என்று பலகைக்குப் பலகை குறித்துக்கொள்வது, படங்களில் பிழை தேடித் தேடிப் பழகிய ஒருவரால் செய்யக்கூடிய வேலைதான். கோயிலும் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது.